சிஎஸ்இ படிக்கிறேன், கோடிங் பிடிக்கவில்லை. வேறு வழி உண்டா?

வாசகி ஒருவரின் கேள்வி, 2024 ஜூன் 5

நாமக்கல் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சிஎஸ்இ (கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங்) மூன்றாம் ஆண்டு முடித்திருக்கிறேன். அரியர் இல்லை, சிஜிபிஏ 7.9. ஆனால் கோடிங் என்றாலே வயிற்றைப் பிசைகிறது. ஆகஸ்டில் ப்ளேஸ்மென்ட் தொடங்கிவிடும். கூடப் படிப்பவர்கள் லீவிலும் லீட்கோட் என்ற தளத்தில் கோடிங் கணக்குகள் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு முதல் கணக்கைப் பார்த்ததுமே மூடிவைக்கத் தோன்றுகிறது. அப்பா 4 லட்சம் கல்விக் கடன் வாங்கிப் படிக்கவைக்கிறார். கோடிங் இல்லாத வேலை இந்தப் படிப்புக்கு உண்டா அக்கா, இல்லை நாலு வருடமும் வீண்தானா?

ஜூன் 5, இரவு 11.10

வீண் இல்லை. நானும் சிஎஸ்இதான், 2009இல் முடித்தேன். இந்தப் பதினைந்து வருடத்தில் ஒரு நாள்கூட ப்ரோகிராமர் என்ற பெயரில் சம்பளம் வாங்கியதில்லை. டெஸ்டிங், அதாவது மென்பொருளைச் சோதிக்கிற வேலைப் பக்கம் போ. அதற்கான சான்றிதழ் தேர்வு ஐஎஸ்டிக்யூபி ஃபவுண்டேஷன் எழுது, 40 கேள்வி, ஒரு மணி நேரம், 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூன் 6, காலை

நேற்று தூக்கக் கலக்கத்தில் டெஸ்டிங் போ என்று எழுதிவிட்டேன். அந்த அறிவுரை 2010ஆம் வருடத்துக்கு உரியது. அப்போது என் அறைத்தோழிகள் இரண்டு பேர் மேனுவல் டெஸ்டிங்கில் சேர்ந்தார்கள். திரையைத் திறந்து, எக்செல் ஷீட்டில் எழுதியிருக்கிற ஒவ்வொரு படியையும் செய்து பார்த்து, பாஸ், ஃபெயில் என்று குறிப்பதுதான் வேலை. இன்றைக்குப் புதிதாக வருபவர்களுக்கான டெஸ்டிங் விளம்பரங்களைத் திறந்து பார், செலீனியம் (சோதனையைத் தானாக ஓட்டுகிற கருவி) தெரியுமா, ஜாவாவோ பைத்தானோ தெரியுமா என்றுதான் கேட்கிறார்கள். கோடிங் வேண்டாம் என்று அங்கே போனால் காலை முதல் மாலை வரை டெஸ்ட் ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருப்பாய். கையால் சோதிக்கிற வேலை முற்றிலும் போய்விடவில்லை. வங்கி, இன்சூரன்ஸ், மருத்துவமனை மென்பொருள்களில் அந்தத் துறையின் நடைமுறை தெரிந்த ஆளைத் தேடுகிறார்கள். ஆனால் அது அனுபவத்தோடு வருகிற இடம், படித்து முடித்ததும் கிடைப்பது கஷ்டம்.

ஜூன் 6, இரவு

ஒன்று கேட்காமல் விட்டுவிட்டேன். கோடிங் பிடிக்கவில்லை என்றால் அதில் எது பிடிக்கவில்லை?

என் கதையைச் சொல்கிறேன். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேப் பிராக்டிகல். டர்போ சி, அந்த நீலத் திரை. மூன்று மணி நேரம். சீட்டு எடுக்க வேண்டும், எந்த ப்ரோகிராம் வருகிறதோ அதை எழுதி ஓட்டி எக்ஸ்டர்னலிடம் (வெளியிலிருந்து வருகிற தேர்வாளர்) அவுட்புட் காட்ட வேண்டும். லேப் மேனுவலில் இருந்த அத்தனை ப்ரோகிராமையும் செய்யுள் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். ஏவிஎல் மரம் (தரவைக் கிளை கிளையாக அடுக்கிவைக்கிற முறை) வந்தது. சுழற்சி செய்கிற இடத்தில் ஒரு வரி மறந்துபோனது. ஒரே ஒரு வரி. இரண்டேகால் மணி நேரம் அந்த நீலத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், உள்ளங்கையெல்லாம் வேர்த்துவிட்டது. எக்ஸ்டர்னல் என் பேப்பரைத் திருப்பி வைத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். அன்றிலிருந்து எனக்கு ப்ரோகிராமிங் வராது, பிடிக்காது என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

அதே செமஸ்டர், அதே ஹாஸ்டல். ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் தேர்வுக்கு முந்தைய இரவு, மெஸ்ஸின் பின்சுவரில் சாக்பீஸால் கட்டம் போட்டு, பேஜ் ரிப்ளேஸ்மென்ட் (நினைவகம் நிறைந்ததும் எதை வெளியேற்றுவது என்ற முடிவு) எப்படி நடக்கிறது என்று பதினோரு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். மணி இரண்டு, வார்டன் வந்து விரட்டும்வரை. களைப்பே தெரியவில்லை. அந்தச் சுவரில் நடந்ததுதான் என் வேலை என்று புரிய எனக்கு மூன்று வருடம் ஆயிற்று.

உன்னிடம் நான் கேட்பது இதுதான். தனியாக உட்கார்ந்து யோசிப்பது பிடிக்கவில்லையா, பிழை வந்தால் வருகிற பதற்றமா, மற்றவர்களோடு ஒப்பிடுவதா, இல்லை அந்தப் பாடத்தின் பொருளே பிடிக்கவில்லையா? நாலும் நாலு திசைக்குப் போகிற விஷயங்கள். டேட்டாபேஸ், நெட்வொர்க் வகுப்புகள் உனக்கு எப்படி இருந்தன?

ஜூன் 9, ஞாயிறு

இன்று குரூப் 4 தேர்வு. காலையில் எங்கள் தெரு முனையில் உள்ள பள்ளி வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் உன் நினைவு வந்தது. இந்த முறை 6,244 இடங்கள், விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பத்தாம் வகுப்புத் தகுதிக்கான தேர்வு, பி.இ. முடித்தவர்கள் ஏராளமாக எழுதுகிறார்கள். என் சித்தி மகனும் போயிருக்கிறான். ஐந்தாவது வருடமாக எழுதுகிறான். ஒவ்வொரு முறையும் கட்ஆஃபுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறது.

அரசு வேலைக்குப் படிக்காதே என்று சொல்லமாட்டேன், அந்த வேலை பிடித்துப் படிக்கிறவர்கள் வேறு. கோடிங்கிலிருந்து தப்பிக்க மட்டும் அந்த வரிசையில் போய் நிற்காதே. உன் படிப்பே தகுதியாகக் கேட்கிற தேர்வுகளை முதலில் பார். வங்கிகளுக்கு ஆள் எடுக்க ஐபிபிஎஸ் நடத்துகிற ஸ்பெஷலிஸ்ட் ஆபீசர் தேர்வில் ஐடி ஆபீசர் என்று ஒரு பதவி உண்டு. நாலு வருட சிஎஸ், ஐடி, இசிஇ மாதிரியான பட்டம் வேண்டும், வயது 20 முதல் 30. பட்டம் பெற்ற எல்லோரும் எழுதுகிற க்ளார்க் தேர்வை விட இங்கே கூட்டம் குறைவு, காரணம் அந்தத் தகுதிதான். கேள்விகள் டேட்டாபேஸ், நெட்வொர்க், ஓஎஸ், செக்யூரிட்டி பற்றி வரும். யாரும் உன்னை ஏவிஎல் மரம் ஓட்டச் சொல்லமாட்டார்கள்.

ஜூன் 11

கடன் விஷயத்தை யாரும் பேசுவதில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்பவர்கள் எல்லோரும் மனதுக்குப் பிடித்ததைச் செய் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள், தவணையை யார் கட்டுவது என்று கேட்பதில்லை.

வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டத்தில், படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை. நீ 2025 மே மாதம் முடித்தால் 2026 மே வாக்கில் தொடங்கும். ஆனால் வட்டி அதுவரைக்கும் ஏறிக்கொண்டேதான் இருக்கும், இதை அப்பாவிடம் சொல்லிவை. 4 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி, ஏழு வருடம் என்று வைத்துப் பார்த்தால் மாதம் சுமார் 6,640 ரூபாய். இடையில் சேர்ந்த வட்டியும் அசலோடு சேர்ந்தால் இன்னும் கூடும். உன் கையில் இருப்பது முடிவில்லாத காலமும் இல்லை, நாளைக்கே ஏதாவது ஒன்றில் விழுந்தாக வேண்டிய அவசரமும் இல்லை. ஏறத்தாழ இரண்டு வருடம்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2008இல் கேம்பஸில் எனக்கு ஆஃபர் கிடைத்தது. அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்த நேரம். 2009இல் படித்து முடித்து வந்தால் ஜாயினிங் தேதி வரவில்லை. இன்று வரும், நாளை வரும் என்று பதினொரு மாதம். போன் செய்தால் மெயிலைப் பார்க்கச் சொல்வார்கள், மெயிலில் ஒன்றும் இருக்காது. அம்மாவின் இரண்டு வளையல் அந்த வருடம்தான் அடகுக்குப் போனது. கடைசியில் அந்த நிறுவனம் என்னை எடுக்கவே இல்லை.

அந்தப் பதினொரு மாதமும் திண்டுக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டேலியும் எம்எஸ் ஆபீஸும் சொல்லிக்கொடுத்தேன், மாதம் 3,500 ரூபாய். மாவு மில் வைத்திருந்த ஒரு பெரியவர் கணக்குப் பழக வந்தார். மவுஸைத் தொடவே பயந்தவர், மூன்றாவது வாரம் தானே வவுச்சர் போட்டுவிட்டு, "கண்ணு, இது நான் போட்டதுதானா?" என்று கேட்டார். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஜூன் 15

சரி, நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டிருக்கிறாய். டெக்னிக்கல் ரைட்டர்.

ஒரு மென்பொருளை வாங்கியவர் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று தேடும்போது வருகிற உதவிப் பக்கம், புதிய பதிப்பில் என்ன மாறியிருக்கிறது என்ற குறிப்பு, ஒரு மென்பொருளோடு இன்னொன்றை இணைக்கிற ஏபிஐ பற்றி மற்ற டெவலப்பர்கள் படிக்கிற விளக்கம், ஏன், பட்டனுக்கு மேலே வருகிற ஒற்றை வரிகூட யாரோ ஒருவர் எழுதியதுதான். காலையில் டெவலப்பரிடம் உட்கார்ந்து இது என்ன செய்கிறது, தவறாகப் போனால் என்ன ஆகும் என்று கேட்பேன். அப்புறம் நானே அதை ஓட்டிப் பார்ப்பேன், வேண்டுமென்றே தப்பாகவும் ஓட்டுவேன். அதன் பிறகுதான் எழுதுவது. எழுதுகிற நேரம் நாளில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது, மீதி எல்லாம் கேட்பதும் பார்ப்பதும் திருத்துவதும்.

நான் இதில் நேராகச் சேரவில்லை. 2010இல் பெருங்குடியில் ஒரு நிறுவனத்தில் சப்போர்ட் வேலை, அமெரிக்க நேரம், இரவு ஏழு மணிக்கு கேப் வரும். ஒரே கேள்விக்கு நாளைக்கு முப்பது டிக்கெட் வந்தால், பதிலை ஒரு பக்கமாக எழுதி லிங்கை அனுப்பத் தொடங்கினேன். ஆறு மாதத்தில் மற்ற ஷிஃப்ட்காரர்களும் என் பக்கங்களையே அனுப்பினார்கள். 2012இல் டாக்குமென்டேஷன் குழுவில் ஒரு இடம் வந்தபோது அந்தப் பக்கங்களைத்தான் காட்டினேன். ரெஸ்யூமே யாரும் பார்க்கவில்லை.

இந்தக் குறுக்குக் கதவை மறக்காதே. சப்போர்ட் இரவு ஷிஃப்ட் உடம்பை உருக்கும், அதை மறைக்கமாட்டேன், இரண்டு வருடத்தில் எனக்கு அல்சர் வந்தது. ஆனால் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர் எங்கே தடுமாறுகிறார் என்று அந்த நாற்காலியில் தெரிகிற அளவுக்கு வேறெங்கும் தெரியாது. அங்கிருந்து டாக்குமென்டேஷன், ட்ரெயினிங், பிசினஸ் அனலிஸ்ட், ப்ராடக்ட் மேனேஜர் எனப் பல பக்கம் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். சென்னையில் சோஹோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ் மாதிரி ப்ராடக்ட் நிறுவனங்களில் இப்படிப்பட்ட வேலைகள் எல்லாமே உண்டு.

ஆங்கிலம் பற்றிப் பயப்படுகிறாய் என்று தெரிகிறது. நான் பிளஸ் டூ வரை தமிழ் வழி. இந்த வேலைக்கு அலங்கார ஆங்கிலம் ஆகவே ஆகாது. விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கென்று எளிய ஆங்கில விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது, அதில் செய்முறை சொல்கிற வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக்கூடாது. தாய்மொழி ஆங்கிலமாக இல்லாத மெக்கானிக் படித்தாலும் தவறு நடந்துவிடக்கூடாது என்பதற்காக. அந்த மெக்கானிக்கின் இடத்தில் இருந்து படித்து வளர்ந்தவர்கள் நாம். எது புரியாது என்று நமக்குத் தெரியும்.

கூகுளின் டெக்னிக்கல் ரைட்டிங் பாடங்கள் இலவசம், இரண்டு வார இறுதிகளில் முடித்துவிடலாம். கூகுள், மைக்ரோசாஃப்ட் இரண்டின் நடைக் கையேடுகளும் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன.

ஜூன் 16

பேடன்ட், அதாவது புதிய கண்டுபிடிப்புக்கு வாங்குகிற உரிமை, அந்தத் துறை பற்றி ஒருவர் கேட்டார். என் வகுப்புத் தோழி ஒருத்தி அதில்தான் இருக்கிறாள், கிண்டியில் பேடன்ட் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே அவள் வேலை செய்கிற நிறுவனம். நாட்டில் நாலு பேடன்ட் அலுவலகங்கள்தான், கொல்கத்தா, டெல்லி, மும்பை, அப்புறம் நம் சென்னை. அவள் வேலை எனக்குப் பிடித்த வேலை. சட்டப் படிப்பு வேண்டும் என்பதால் உனக்கு நீண்ட வழியாகப் போய்விடும்.

ஜூன் 17

மேலே எழுதியது தப்பு. தோழியே கூப்பிட்டுத் திருத்தினாள், அவள் சட்டம் படிக்கவே இல்லையாம். பேடன்ட் ஏஜென்ட் (மற்றவர்களுக்காக பேடன்ட் விண்ணப்பத்தைத் தயாரிப்பவர்) ஆக, அறிவியல், பொறியியல், தொழில்நுட்பம் இவற்றில் ஒரு பட்டம், 21 வயது, இந்தியக் குடியுரிமை, அப்புறம் பேடன்ட் அலுவலகம் நடத்துகிற தேர்வில் தேர்ச்சி. சட்டப் பட்டம் மட்டும் வைத்திருப்பவர் அந்தத் தேர்வை எழுதவே முடியாது. நான் தலைகீழாகச் சொல்லியிருக்கிறேன். வருடம் தவறாமல் நடக்கிற தேர்வு இல்லை என்பதால் அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

உன் படிப்பு அங்கே எப்படிப் பயன்படுகிறது என்று அவள் சொன்னது சுவையான விஷயம். பேடன்ட் சட்டத்தில் 3(கே) என்று ஒரு பிரிவு. கணித முறை, வணிக முறை, வெறும் கணினி நிரல், அல்காரிதம் இவற்றுக்கு பேடன்ட் கிடையாது. மென்பொருள் சம்பந்தப்பட்ட ஒவ்வொரு விண்ணப்பமும் இந்த வாசலில் ஒருமுறை நின்றுதான் போக வேண்டும். இது வெறும் நிரலா, இல்லை கருவியின் வேலையை உண்மையிலேயே மேம்படுத்துகிற தொழில்நுட்பமா என்று பிரித்து எழுத, கேஷ் மெமரி என்றால் என்ன, பாக்கெட் எப்படிப் போகிறது என்று உள்ளே புரிந்த ஆள் வேண்டும். நாள் முழுக்க அல்காரிதத்தைப் படிக்கிறாள், ஒன்றைக்கூட எழுதுவதில்லை.

ஜூன் 22

மெடிக்கல் கோடிங் பெயரில் கோடிங் இருந்தாலும் ப்ரோகிராமிங்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அமெரிக்க மருத்துவமனைக் குறிப்புகளைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டை இன்சூரன்ஸுக்காகப் போடுவது. சென்னையில் நிறைய இடம் உண்டு. ஆனால் உடற்கூறு படிக்க வேண்டும், உயிரியல் படித்தவர்களுக்கு உகந்தது. உன் நாலு வருடப் படிப்பை அங்கே கேட்பார் இல்லை. முதல் தேர்வாக எடுக்காதே.

சிஸ்டம் ஆடிட் (ஒரு நிறுவனத்தின் கணினி அமைப்புகளைத் தணிக்கை செய்வது) நல்ல துறை, ஆனால் அதற்கான சிசா சான்றிதழுக்குத் தேர்வு எழுதினாலும் ஐந்து வருட வேலை அனுபவம் கேட்பார்கள், படிப்புக்காகக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். முப்பது வயதில் யோசி.

ஜூன் 23

தமிழில் எழுதுகிற வாய்ப்பு உண்டா என்று கேட்டிருக்கிறாய், இதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. உண்டு, ஆனால் பெரும்பாலும் மொழிபெயர்ப்பு வேலையாக, துண்டு துண்டாக வரும். ஒருமுறை ஒரு செயலியின் தமிழ்ப் பதிப்பைப் பார்த்துக் கொடுத்தேன். பட்டனில் 'சேமி' என்பதா, 'சேமிக்கவும்' என்பதா என்று இரண்டு நாள் வாதாடினோம். மனிதர் கருவிக்கு இடுகிற கட்டளை அது, அதனால் 'சேமி' போதும் என்பது என் கட்சி. கருவி மனிதரிடம் கேட்கிற இடத்தில்தான் 'கடவுச்சொல்லை உள்ளிடவும்' என்று மரியாதை வேண்டும். இன்றும் சில ஏடிஎம்களில் தமிழைத் தேர்ந்தெடுத்தால், படிப்பவர் ஒரு கணம் நின்று ஆங்கிலத்துக்குத் திரும்புகிறார். தமிழ் தெரியாததால் திரும்பவில்லை, அந்தத் தமிழ் யாரும் பேசாத தமிழ். திண்டுக்கல் மாவு மில் பெரியவரை நினைத்துக்கொண்டு எழுதுகிற ஆட்கள் அங்கே வேண்டும். லிப்ரெஆபீஸ் தமிழாக்கம் தன்னார்வலர்கள் செய்வது, கை பழக அது நல்ல இடம்.

ஜூன் 30

ஜூன் 5 அன்று ஒரு நாள்கூட ப்ரோகிராமராக இருந்ததில்லை என்று எழுதினேன். உண்மைதான், ஆனால் முழுதும் சொல்லவில்லை, அது உன்னைத் தவறான பக்கம் திருப்பிவிடக்கூடும்.

ஆறு வருடம் முன்பு எங்கள் உதவிப் பக்கங்கள் எல்லாம் வேறு முகவரிக்கு மாறின. 400க்கும் மேற்பட்ட பக்கங்களில் லிங்குகள் உடைந்தன. கையால் திருத்தினால் மூன்று வாரம். பக்கத்து இருக்கைப் பையன் பைத்தானில் பத்து வரி போதும்கா என்றான். பயந்துகொண்டே உட்கார்ந்தேன். முதலில் பிழை, மறுபடி பிழை. ஆனால் யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பக்கத்தில் எக்ஸ்டர்னல் இல்லை, புத்தகத்தையும் இணையத்தையும் திறந்துவைத்துக்கொண்டே எழுதினேன். சாயங்காலம் அத்தனை லிங்கும் சரியாகிவிட்டன. அன்றிரவு எனக்குக் கொஞ்சம் அழுகை வந்தது. பத்து வருடம் நான் வெறுத்தது அந்த லேப் தேர்வை.

இதற்காக நீ ப்ரோகிராமர் ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. நான் இன்றும் ஆகமாட்டேன், நாள் முழுக்க அதைச் செய்ய எனக்கு மனம் இல்லை. ஆனால் நான் சொன்ன எந்த வேலையிலும் கோடைப் படிக்கத் தெரிந்தவளுக்கு மதிப்பு உண்டு. பிடிக்கவில்லை என்பதற்காகக் கடைசி வருடத்தில் அதைத் தொடாமலேயே விட்டுவிடாதே. அடுத்தவர் எழுதிய ஐம்பது வரியைப் பார்த்து இது என்ன செய்கிறது என்று தமிழில் சொல்ல வருகிறதா, அந்த அளவுக்கு வைத்துக்கொள்.

சாட்ஜிபிடி வந்தபிறகு எழுதுகிற வேலை இருக்குமா என்றும் கேட்டிருந்தாய். எனக்கும் அந்தக் கவலை உண்டு. முதல் வரைவை அது எழுதித் தருகிறது, எங்கள் குழுவில் புதிதாக ஆள் எடுப்பதும் குறைந்திருக்கிறது. ஆனால் டெவலப்பர் சொல்ல மறந்ததை அதனால் எழுத முடியாது, அதைக் கேட்டு வாங்க ஓர் ஆள் போக வேண்டியிருக்கிறது.

ஜூலை 7, ஞாயிறு

ஜூனியர்களுக்கு டிபிஎம்எஸ் (டேட்டாபேஸ் பாடம்) சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் நேரம் போவது தெரியவில்லை என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு மெஸ் சுவர்தான் நினைவுக்கு வந்தது. ஹாஸ்டல் அவுட்பாஸ் செயலிக்கு, உங்கள் மினி ப்ராஜெக்டுக்கு, நீ எழுதிய நாலு பக்கக் கையேட்டையும் படித்தேன். முதல் பக்கத்தில் செயலியின் பெருமையை எழுதியிருக்கிறாய், அதை எடுத்துவிடு. ஊருக்குப் போக பஸ் பிடிக்க நிற்கிற பெண்ணுக்கு அது தேவையில்லை. இரண்டாம் பக்கம் மிக நன்றாக இருக்கிறது, ஒவ்வொரு படிக்கும் ஒரே ஒரு செயல், அப்படியே விடு.

நாலாவது படியில் ஒரு ஓட்டை. விண்ணப்பித்ததும் வார்டனுக்குப் போகும் என்று எழுதியிருக்கிறாய். வார்டன் அன்று லீவ் என்றால்? செயலியில் அது என்ன ஆகிறது என்று செய்த பையன்களிடம் கேள். அவர்களுக்கும் தெரியவில்லை என்றால் அது உன் கையேட்டின் குறை இல்லை, செயலியின் குறை, அதையும் எழுதி அவர்களிடம் கொடு. திருத்தியதை ப்ளேஸ்மென்டுக்கு முன்னால் அனுப்பு, இன்னொரு முறை படித்துத் தருகிறேன்.